ஐப்பசியில் பூக்கிற செடி

காலை பதினொன்று இருபதுக்கு, புவனகிரியில் இருக்கும் தம்பி ராஜமாணிக்கத்திடமிருந்து தில்லையம்மாளுக்குப் போன் வந்தது. "அக்கா, மாமா பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம்..." போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டான்.

அவள் கணவர் சபாபதி, காடாம்புலியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். முந்திரித் தோப்பில் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருந்தார். போன மார்கழியில் ‘தானே’ புயல் தோப்பையே படுக்கப்போட்டது. தை, மாசியில் பூ இல்லை. பசி தாங்காமல் தேனீக்கள் ஒவ்வொரு பெட்டியாக விட்டுப் பறந்தன. ஐப்பசியில் மிஞ்சியது கொல்லையில் ஒரே பெட்டி. அதை மழைக்காலம் கடத்திவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு அந்த வருஷத்துக் கவலை.

ஊரெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு பூக்கிற செடியாகத் தேடினார். தும்பையைக் களை என்று யாரையும் பிடுங்க விடவில்லை. அடுக்குச் செண்டுமல்லி வேண்டாமென்றார். இதழ் நெருக்கத்தில் தேனீ நுழைய முடியாதாம்.

"பூச்சிக்குப் பந்தி போடுறீங்களா மாமா?" என்பான் ராஜமாணிக்கம்.

"நீ வந்தா மட்டும் எல போடலியா மச்சான்?"

தகராறு துளசியில்தான். மாடத்தைச் சுற்றி இருபது செடி. தில்லையம்மாள் தினமும் கதிரைக் கிள்ளிவிடுவாள்.

"கிள்ளாத தில்ல. இப்ப அதுங்களுக்கு அதான் சோறு."

"கதிர் முத்துனா செடி காஞ்சிடும். சுமங்கலி இருக்கிற வூட்ல துளசி காயலாமா? ஒங்களுக்காகத்தான் கிள்றேன்."

போன் வந்த அன்று காலையும் கிள்ளினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, வேற எதுனா வாங்கியாறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு புவனகிரி நர்சரிக்குப் பஸ் ஏறினார்.

உடம்போடு ஒரு சாக்குப் பையும் வந்தது. உள்ளே பன்னிரண்டு கொடிரோஜாக் கன்றுகள். பேர்தான் ரோஜா; தேனீ எளிதாக நுழையும் சின்னச் சின்னப் பூவாக, மழையிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கிற ஜாதி.

கருமாதி முடியும்வரை துளசிப் பக்கம் யாரும் போகவில்லை. பதினேழாம் நாள் காலையில்தான் தில்லையம்மாள் கொல்லைக்குப் போனாள். கதிர்கள் ஊதாவாக நீண்டு நின்றன. ஒவ்வொரு கதிரிலும் தேனீ. பெட்டி வாசலில் போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். பழக்கத்தில் கதிரைத் தொட்ட விரலை எடுத்துக்கொண்டாள். பதினாறு நாள் கிள்ளாமல் விட்டும் ஒரு செடிகூடக் காயவில்லை.

பன்னிரண்டு கன்றையும் அவளே வேலியோரம் நட்டாள். அவை படரக் கயிறு கட்ட வேண்டும். இன்னும் கட்டவில்லை.