கீழே அறை இருந்தது

போன வருஷம் எங்கள் சபையார் ஐம்பது பேர் கொடைக்கானல் போனபோது ஏற்பாடெல்லாம் அக்காவின் கணவர்தான். முட்டுவலிக்காரியான என் மனைவிக்கு பஸ்ஸில் கடைசி சீட்டும், லாட்ஜில் மூன்றாவது மாடியும் கொடுத்தார். கெஞ்சியும் மாற்றவில்லை. "எல்லாருக்கும் சொகம் பாக்க முடியுமா?" என்று சிரித்தார்.

இந்த வருஷம் ஊட்டி. பொறுப்பு என் கைக்கு வந்தது. நெய்யாற்றின்கரையில் பஸ் பேசிய அன்றே கடைசி சீட்டில் அவர் பெயரை எழுதினேன். லாட்ஜுக்கு போன் செய்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி அறையை அவருக்கென்றே கேட்டு வாங்கினேன்.

பெட்டியோடு பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். "எலே, கீழ ரூம் இல்லியா?"

"உண்டு அத்தான். உங்களுக்கு இல்ல, அவ்வளவாக்கும்."

என் மனைவி ஊர் திரும்பும்வரை என்னோடு பேசவில்லை. ஆனாலும் ஊட்டிக் குளிரில் நான் சுகமாக உறங்கினேன்.