இருபதுக்கு இருபதும் தப்பு

இன்று பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் மகளின் பள்ளிக்கு வரச்சொன்னார்கள் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மூன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லித்தர இந்த வருடம் புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் மிஸ் ஒரு பிரிண்ட்அவுட்டை என் முன்னால் போட்டார். பெருக்கலில் இருபது கேள்வி, இருபதும் தப்பு. கீழே இங்கிலீஷில் ஒரு தீர்ப்பு: கற்பதில் ஆர்வம் இல்லை, சிந்திக்கும் திறன் குறைவு.

"நோடி மேடம், இங்க பாருங்க, இது நான் எழுதினதில்ல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"மிஸ், ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கு. கண்ண மூடிட்டு அழுத்தினாக்கூட நாலஞ்சு சரியா வந்திருக்கும். ஒண்ணுகூட சரியா வராம பாத்துக்கணும்னா, சரியான விடை தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

மகளையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"சரியா போட்டா வெறும் டிக்குதாம்மா வரும். தப்பா போட்டாதான் ஸ்க்ரீன்ல குரங்கு மரத்துலேருந்து வழுக்கி விழும்," என்றாள்.

ஆர்வம் இல்லையாம்! இருபது தடவை குரங்கை விழவைக்க எவ்வளவு ஆர்வம் வேண்டும்? சரிக்கு டிக்கும் தப்புக்குக் குரங்கும் வைத்த மகராசனின் சிந்திக்கும் திறனை யார் அளப்பது?

மிஸ் நம்பவில்லை. தானே உட்கார்ந்து ஒரு தப்பு விடையை அழுத்தினார். குரங்கு விழுந்தது. சிரித்துவிட்டார். பிறகு இன்னொரு தப்பையும் அழுத்தினார்.

மிஸ்ஸின் அம்மாவை என்றைக்கு வரச்சொல்லப்போகிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.