தங்கை வீட்டுக் கருப்பட்டிக் காப்பி

ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. தங்கை வரச் சொன்னது பன்னிரண்டுக்கு. நேரே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் எட்டு வருடமாக நான் ஏறாத வீடு அது. பைக்குள் என் மகளின் கல்யாணக் கார்டு இருந்தது. எங்கள் பாறசாலைப் பக்கத்தில் கூடப்பிறந்தவளுக்குக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. அண்ணன்காரன் நேரில் போய் விளிக்க வேண்டும். விளித்தாலும் வருவாளா என்ற யோசனையில் ரயிலில் பொட்டுத் தூக்கமில்லை.

எட்டு வருடத்துக்கு முன் அவள், வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு கொச்சிக்காரரை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு காரோடு கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா முகம் கொடுக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து நானும் கொடுக்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, பயத்துக்கு ஒரு சாக்கும் இல்லை.

ஒரு இடத்தில் நிற்கவோ உட்காரவோ என்னால் முடியவில்லை. நடந்தேன். பழைய மிளகுக் கிடங்குகளையெல்லாம் உள்ளே மட்டும் வெள்ளையடித்துத் துணிக்கடையும் படக்கடையுமாக ஆக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் வெளிச்சுவரில் காரை உதிர்ந்தால் ஆளை வைத்துப் பூசுவோம். இங்கே அந்தச் சுவரின் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். மூலைக்கடையில் எலுமிச்சை பிழிந்த சுலைமானி டீ ஒன்று குடித்தேன். கடற்கரையில் பச்சைமிளகாய் கீறிப் போட்ட குலுக்கி சர்பத். கடைக்காரர் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கிக் கொடுத்தார். பிறகு பச்சைமாங்காய் சோடா. பிறகு, செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்ட ஒரு கடையில் ஐஸ் மிதக்கும் காப்பி. அதைக் கொண்டுவந்தவர் அது விளைந்த மலையின் கதையைச் சொன்னார். தலையாட்டினேனே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. வாசலில் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு நன்னாரி சர்பத்தும் உள்ளே போனது. தாகத்துக்குக் குடித்தது ஒன்றுகூட இல்லை.

தங்கைதான் கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

“வா அண்ணா, இரி,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, ஆவி பறக்க ஒரு தம்ளரோடு வந்தாள். “கருப்பட்டிக் காப்பியாக்கும். கருப்பட்டி களியக்காவிளையில இருந்து வரவச்சது.”

“ஒண்ணும் வேண்டாம் மக்கா. இப்பந்தான் குடிச்சேன்.”

அவள் தம்ளரை மேசைமேல் வைத்தாள். பிறகு என்னைச் ‘சேட்டன்’ என்று கூப்பிட்டு, யாத்திரையெல்லாம் சுகமாக இருந்ததா என்று சுத்த மலையாளத்தில் கேட்டாள். ஆபீசுக்கு வந்தவரிடம் கேட்பது மாதிரி. வீட்டில் ஒருநாளும் நாங்கள் அப்படிப் பேசியதில்லை. கார்டை நீட்டினேன். பிரிக்காமல் டீவி பக்கத்தில் வைத்தாள். அவள் கணவர் பாவம், ஜூஸ் எடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பிணக்குள்ள வீட்டுக்குக் காரியத்துக்காகப் போவார்கள், உட்காருவார்கள், பேசவும் செய்வார்கள். ஆனால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். ‘இப்பந்தான் குடிச்சேன்’ என்பதுதான் அதற்கு எல்லாரும் சொல்லும் வார்த்தை. அப்பாவே எத்தனை வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் காதில் அது அப்பா பேசியதாக விழுந்திருக்கிறது.

தம்ளரை எடுத்தேன். காப்பி ஆறிப் போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

“வயிறு நிறைஞ்சு கெடக்கு மக்கா. உன் வாசலுக்கு வர பயந்து பேடிச்சு, ரெண்டு மணிக்கூர் கண்ட கடையிலெல்லாம் குடிச்சுட்டுத் திரிஞ்சேன்.”

அவள் காலித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது மலையாளம் போயிருந்தது.

“அன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல வச்சு இவரு உன்கிட்ட குடிக்க வெள்ளம் கேட்டாரு. நீ உள்ள போன. கொண்டுவருவேன்னு ரொம்ப நேரம் நின்னோம்.”

“செம்புல வெள்ளம் கோரி எடுத்தேன் மக்கா. அப்பா பாத்தாரு. செம்ப அங்கேயே வச்சுட்டேன்.”

யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இன்னொரு தம்ளர், விளிம்பு வரை காப்பி.

“குடி,” என்றாள். “கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்ன வாறோம். அதே வாசல்ல வச்சு இவருக்கு நீதான் வெள்ளம் கொடுக்கணும்.”

வயிற்றில் இடமே இல்லை. குடித்து முடித்துவிட்டுத்தான் சரி என்று சொன்னேன்.