ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்து டின்

குரோம்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குக் கண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர் வழிந்தால் வியாபாரம் என்னவாகும்? நான் அனுபவித்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வயிற்றில் புற்று என்று எனக்குக் கீமோ ஏற்றிக்கொண்டிருந்த காலம். முடி கொட்டும், வாந்தி வரும் என்று ஊரே பயமுறுத்தியிருந்தது. கண்ணைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

பார்க்க வந்தவர்களுக்கோ கொண்டாட்டம். என் கன்னத்தைப் பார்த்ததுமே அவர்கள் குரல் தழுதழுக்கும். "அழுதுருங்க பாய், மனசு லேசாவும்" என்பார்கள். மருந்தால் வரும் தண்ணீர் என்று சொன்னால், "ஆம்பளை, ஒத்துக்க மாட்டாரு" என்று என் மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுப்பார்கள். உண்மையில் அதுவரை நான் ஒரு சொட்டுகூட அழவில்லை. எனக்கு வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

பயமும் இருந்தது. கண்ணாடியின் சைடை, அதாவது காதில் மாட்டும் பகுதியை, ஃபிரேமோடு சேர்க்கும் ஸ்குரூ எள்ளைவிடச் சின்னது. அதைப் பொருத்தத் தெரிந்த கைதான் என் சோறு. கண்ணில் குளம் கட்டி நிற்க, அந்த ஓட்டை எனக்கு அகப்படவே இல்லை. வாடிக்கையாளர் ஒருவர், "மொதல்ல நீங்க ஒரு கண்ணாடி போடுங்க பாய்" என்று தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்றே ஷட்டரை இறக்கினேன். இனி இந்தக் கண்ணை வைத்துப் பிழைக்க முடியுமா என்ற கேள்விதான் என்னைத் தின்றது.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி ஒரு டின்னோடு வந்தான். செம்பாக்கத்தில் ஜிம்முக்குப் போகிறவன். உடம்பு மட்டும் பழையபடியேதான் இருந்தது. பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து முழு டாக்டராகியிருந்தான்.

"மச்சான், கீமோவுல கண்ணு கெடாம காப்பாத்த ஒரு அமினோ ஆசிட் கீது. பேரு டாரின். நம்ம கண்ணுக்குள்ளயே கீதாம்."

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆசிட்டா? கண்ணுலயா?"

எங்கள் தெருவில் ஆசிட் என்றால் ஒன்றுதான். பினாயிலோடு ட்ரைசைக்கிளில் வரும். பாத்ரூம் தரையில் ஊற்றினால் புகையும்.

"அக்கா, இது சாப்புடுற ஆசிட்."

"சாப்புடுறதா! அவரு வயித்துல இருக்குறது போதாதாடா?"

டின்னின் மேல் சட்டையில்லாத ஒருவன் புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் என்னையும் நிறுத்திப் படம் எடுத்திருந்தால் விற்பனை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் தெரியாது, தன்னைக் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம் என்றார். மருந்தால் கண்ணீர் இறங்கும் குழாய் சுருங்கியிருக்கிறது, கீமோ முடிந்தால் அநேகமாகச் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்று மச்சினன் பொங்கினான். மனைவி, "நான் கலக்கிக் குடுக்குறேன், நீ போ" என்று டின்னை வாங்கி, பாத்ரூம் பலகையில் ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆசிட்டை ஆசிட்டோடுதானே வைக்க வேண்டும்?

கீமோ முடிந்து சில மாதங்களில் தண்ணீர் நின்றது. என் கண்ணைக் காப்பாற்றியது தான்தான் என்று மச்சினன் தாம்பரம் வரை சொல்லிவிட்டு வந்தான். நான் கடையைத் திறந்தேன்.

முதல் ஆளாக மனைவி வந்து தன் கண்ணாடியை மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் ஸ்குரூவுக்குப் பதில் ஊக்கு! இத்தனை நாளும் அது என் கலங்கிய கண்ணில் படவே இல்லை.

"எப்ப விழுந்துச்சு?"

"நீங்க ஷட்டரை இறக்குன வாரம்."

"எதிர்ல இன்னொரு கடை இருக்கே, குடுத்திருக்கலாமே?"

"நீங்க போடுவீங்கன்னு வச்சிருந்தேன்."

ஸ்குரூவை இடுக்கியில் எடுத்தேன். தடுமாறாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் கெஞ்சியும் வராத அழுகை அப்போது வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே நுழைந்தான்.

"இன்னா மச்சான், மறுபடியும் தண்ணி ஊத்துது! அக்கா, அந்த டின்னுல மிச்சம் கீதா?"

"முழுசா இருக்குடா" என்றாள் அவள், புதிதாகப் பூட்டிய கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணைத் துடைத்தபடி.