கம்பெனி கொடுக்கப் போனவன்

என் நண்பன் தனக்காக ஒருநாளும் குடித்ததில்லை. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். வெள்ளிக்கிழமை ஆனால், அமெரிக்காவில் நாங்கள் இருந்த நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில், எங்கள் பக்கத்து பில்டிங் பேச்சிலர் பையன்கள் அவனைக் கூப்பிடுவார்கள். "சும்மா கம்பெனி குடுக்கத்தான்டா போனேன்" என்பான். ப்ராஜெக்ட் முடிந்து பையன்கள் டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் டிவிக்குக் கம்பெனி கொடுத்தான்.

அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொங்கல் முடிந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். குடியை நிறுத்தினால் வருகிறேன், இல்லாவிட்டால் ஜூனில் குழந்தையை இங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிடுவேன் என்றாள். இவன் வாராவாரம் போன் போட்டு "விட்டுட்டேன்" என்று சொல்வான். போனை வைத்த கையால் ஃப்ரிட்ஜைத் திறப்பான்.

கடைசியில் டாக்டர் ஒருவர் ஒரு விலாசம் கொடுத்தார். சனிக்கிழமை காலையில், ஒரு சர்ச்சின் பேஸ்மென்டில், குடியை விட நினைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம்.

"நீயும் வாடா. தனியா போக ஒரு மாதிரியா இருக்கு."

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஒழுக்கத்தால் எல்லாம் இல்லை, அரை கிளாஸ் பீர் உள்ளே போனால் மண்டை பிளந்துவிடும். நான் தயங்கியதைப் பார்த்து என் மனைவி, "போயிட்டுத்தான் வாங்களேன். உங்கள என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?" என்றாள்.

வட்டமாக மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாயில் வைக்க முடியாத ஒரு காபி. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று, வானிலை சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார்கள். என் நண்பனின் முறை வந்தது. அடுத்த ஆள் பேசட்டும் என்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு "பாஸ்" என்றான். வட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம் என்று, எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் சொன்னேன்: "ஐ டோன்ட் டிரிங்க். ஐ ஒன்லி கிவ் ஹிம் கம்பெனி."

எல்லோரும் மெல்லத் தலையாட்டினார்கள். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், தானும் வருஷக்கணக்காக இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோ, நோ! நாட் ஈவன் எ டிராப்!" என்றேன். நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்களுடைய முகத்தில் கருணை கூடிக்கொண்டே போனது. ரிடையர்டு டீச்சர் மாதிரி இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பக்கத்தில் என் நண்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். மனைவி போனதிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது அதையெல்லாம் ரசிக்கும் பொறுமை இல்லை.

"டேய், வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவன் எழுந்தான். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. இவன் சொல்வது உண்மை, இவன் குடிக்க மாட்டான், எனக்காக வந்தவன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். "குடிக்கிறது நான்தான்" என்றான். அதோடு அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "தனியாகக் குடிக்கிறேன். வீட்டில் குடிக்கிறேன். காலையில் காரில்கூடக் குடிக்கிறேன்."

அந்தக் காரில்தான் நான் ஆபீஸ் ரயிலைப் பிடிக்க தினமும் காலையில் அவனோடு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

கிளம்பும்போது அந்த டீச்சரம்மாள் என் தோளைத் தட்டி, உன் நண்பன் சொல்லிவிட்டான், உனக்கும் ஒருநாள் அந்தத் தைரியம் வரும் என்றார். "தேங்க் யூ" என்றேன். வேறு என்ன செய்ய?

காரை நான் ஓட்டினேன். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தோம். காலிங் கார்டை எடுத்துக் கோயம்புத்தூருக்கு டயல் செய்தான். நான் நாகரிகமாகக் கிச்சனுக்குள் போய், அங்கிருந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். அவன் அதிகம் பேசவில்லை; கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னதை அப்படியே சொன்னான். காரில் குடித்ததையும் சொன்னான். பிறகு, "உங்கிட்ட பேசணுமாம்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

"நெஜமாத்தானுங்ணா? அத்தன பேரு முன்னாடி சொன்னாரா?"

"ஆமாம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

பாப்பாவை உள்ளே போய்ப் படுக்கச் சொல்வது கேட்டது.

"விட்டுட்டேன் விட்டுட்டேன்னு எத்தனையோ வாட்டி சொன்னாருங்ணா. ஒருக்காக்கூட நான் நம்புனதில்ல. குடிக்கறேன்னு இன்னிக்குத்தான் சொல்லியிருக்காரு." மூக்கை உறிஞ்சினாள். "பாப்பாவ இங்க ஸ்கூல்ல சேக்கறத எங்கப்பாகிட்டச் சொல்லி கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றேனுங்ணா."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பாப்பாவ அங்க ஸ்கூல்ல சேக்கறதத் தள்ளிப் போடறாங்களாம்டா" என்றேன்.