முப்பது கணினிகளும் ஒரு பொய்யும்

கண்டியில் நான் வேலை பார்க்கும் கணினி வகுப்பில், சேர்வர் என்ற ஒரே பெரிய கணினிக்குள், மென்பொருளாலேயே ஆன முப்பது மெய்நிகர் கணினிகளை உருவாக்கித் தர வேண்டியிருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. என் கவலையெல்லாம் சனிக்கிழமையைப் பற்றி. அன்று ஹேவாஹெட்டயில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கல்யாணமானதும் வேலையை விடச் சொல்லும் குடும்பம் என்று அக்கா முன்பே துப்புக் கொடுத்திருந்தாள். எனக்கு இந்த வேலை உயிர்.

அதனால் அம்மாவிடம் போனில் அளந்துவிட்டேன். முப்பது கணினி, நிறுவும்போது ஒவ்வொன்றும் என்ன மொழி, எந்த விசைப்பலகை, எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும், சனி ஞாயிறு அசைய முடியாது என்றேன். அம்மா நம்பிவிட்டார்.

பொய் சொன்னவள் பேசாமல் உட்கார்ந்து அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமையே கிடையாதே. வியாழக்கிழமை இரண்டாவது கணினியிலேயே வெறுத்துப்போனது. நெட்வேர்க் வழியாக எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கலாம்தான். போன வருஷம் அப்படிச் செய்யப்போய், வரவேற்பு மேசைக் கணினியும் கூட்டத்தோடு சேர்ந்து தன்னைத்தானே அழித்துக்கொண்டு புதிதாய்ப் பிறந்தது. அன்றே வகுப்பை நடத்தும் சேர் அந்த வழிக்குத் தடை போட்டுவிட்டார். ஆகவே எல்லாக் கேள்விக்கும் பதிலை ஒரு கோப்பில் எழுதி, அதைக் குட்டி சீடியாக்கி, நிறுவல் சீடியோடு இரண்டாவதாக மிச்ச ஒவ்வொரு கணினிக்கும் மாட்டினேன். கையில் பிடிக்க முடியாத சீடிகள்தான், எல்லாம் சேர்வருக்குள்ளேயே இருப்பவை. 'உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கலாமா?' என்ற கேள்விக்கும் 'ஆம்' என்று நானே எழுதிவைத்தேன். கீழே போய் ரோல்ஸ் தின்று ப்ளேன்டீ குடித்துவிட்டு வந்தால், மிச்சம் இருபத்தெட்டும் முடிந்திருந்தன. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா அலுவலக போனுக்கு எடுக்க, யாழ்ப்பாணத்துக்காரரான சேர் பதில் சொல்லிவிட்டார்.

"பிள்ளை எல்லாத்தையும் முடிச்சிட்டா அம்மா. சனிக்கிழமை தாராளமா வரலாம்."

சனிக்கிழமை சேலையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், என் அம்மா பதில் சொன்னார். படிப்பு, சமையல், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வேலையை விட்டுவிடுவாளா என்று கேட்டார்கள்.

"அதெல்லாம் விட்டுருவா" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

கணினிகளுக்காக நான் எழுதிவைத்த அந்த 'ஆம்' ஞாபகம் வந்தது.

"இல்லங்க, விட மாட்டேன்" என்றேன்.

வந்தவர்கள் வடையைத் தின்று முடித்துவிட்டு, மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். அம்மா என்னை அடுப்படியில் பிடித்துக்கொண்டார்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு அந்தப் பொய்யி?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு பலகையை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சரி, இப்ப கேக்குறேன். சொல்லு."