ஒரே கூறு

எனக்கு இங்கிலீஷில் முழுசாகத் தெரிந்தது ஒரு வரிதான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அது போதும். இப்போது எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போகிறார்கள். என் வரியைச் சொல்லிக் காட்டினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வரியை வைத்து நான் செய்ததை அவர்களில் ஒருத்தர் செய்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. வந்தவர்களை இங்கிலீஷில் வரவேற்க ஒரு பெண் வேண்டும். மைக் கிடையாது. கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. அதனால் என்னைப் பிடித்துக்கொண்டார் இங்கிலீஷ் டீச்சர். அவர் மாடவீதிக்காரர். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வராது என்று தெரிந்து, வரியை வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். வெல்கம் டு தி டீச்சர்ஸ் அண்ட் பேரண்ட்ஸ். டீச்சர்களே, பெற்றோர்களே, எல்லோரும் வாருங்கள் என்று அர்த்தம்.

நான் ஒவ்வொரு முறையும் 'டு'வை இரண்டு தடவை சொன்னேன். டீச்சர்ஸுக்கு ஒன்று, பேரண்ட்ஸுக்கு ஒன்று. நம் பேச்சில் டீச்சருக்கும் அம்மாவுக்கும் என்று ஆளுக்கு ஒரு 'க்கு' கொடுக்கிறோமே, அந்தப் பழக்கம். இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லையாம், ஆனால் இங்கே வேண்டாம் என்றார் டீச்சர்.

"ஒரு 'டு' போறும்டீ. ரெண்டு பேரும் சேந்துண்டுதானே வரா? நடுவுல அண்ட் போட்டுட்டா அப்புறம் அவாளைப் பிரிக்கப்படாது."

இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் அம்மாவின் வியாபாரமே அதுதான். சின்ன மீனையும் பெரிய மீனையும் கலந்து கூறு கட்டி வைப்பாள். ஒரு கூறுக்கு ஒரு விலை. கோபாலபுரத்தில் ஒரு பங்களாக்கார அம்மா வாடிக்கை. பேசிக்கொண்டே ஒரு கூறிலிருந்து பெரிய மீனை உருவி இன்னொரு கூறில் போடுவதில் கெட்டிக்காரி. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்.

"கூறுல கைய வெக்காதம்மா. எடுத்தா மொத்தமா எடு, இல்லன்னா விட்டுடு."

வாடிக்கை போய்விடுமே என்று பயந்து அவள் அதை ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

விழா அன்று மேடைக்கு எதிரே முதல் வரிசையில் பிரம்பு நாற்காலிகள். டீச்சர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில், காரிலும் ரிக்‌ஷாவிலும் வந்த பெற்றோர்கள். கோபாலபுரத்து அம்மாவும் இருந்தார், அவர் பெண்ணும் எங்கள் பள்ளிதான். எங்கள் குப்பத்துப் பெண்பிள்ளைகளின் தாய்மார்களை பியூன் கேட்டிலேயே மறித்து, பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். முதல் வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அம்மா சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அங்கிருந்த தூணுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

நான் மேடையில் ஏறினேன். வரியைச் சொன்னேன். ஒரே 'டு' போட்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அங்கிருந்தே அம்மாவைப் பார்த்து, முன்னால் வந்து உட்காரு என்று கூப்பிட்டேன். பெரிய டீச்சர் அடுத்த நிகழ்ச்சி, அடுத்த நிகழ்ச்சி என்று கையை ஆட்டினார். பியூன் மேடைக்குப் பக்கத்தில் வந்து, அது டீச்சருங்க வரிசை, இறங்கு பாப்பா என்றார்.

"டீச்சருங்களும் அம்மாங்களும் ஒரே கூறுன்னு இப்பத்தான் சொன்னேன், நீ கை தட்டுன. எங்கம்மாவும் அந்தக் கூறுலதான் கீது. அது உக்காந்தாத்தான் நான் எறங்குவேன்."

 அம்மா அசையாமல் நின்றாள். வரமாட்டாளோ என்று பயந்தேன். அவள் வராவிட்டால் நான் மேடையிலேயே தனியாக நின்றிருப்பேன், இறங்கவும் முடியாமல். பிறகு அவள் தூணை விட்டுவிட்டு நடந்து வந்தாள். எல்லோர் தலையும் அவளோடு திரும்பியது. கோபாலபுரத்து அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிக்கு வந்தாள். அந்த அம்மா புடவையை இழுத்துச் சுருக்கிக்கொண்டு, பின்னாலதான் நல்லா காத்து வருமே என்று மெதுவாகச் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். இங்கிலீஷ் டீச்சர் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா, வேறு ஏதாவதா, தெரியாது.

அடுத்த வருஷம் வரவேற்க வேறு பெண்ணைப் போட்டார்கள். போடட்டும்.

விழா முடியும்வரை அம்மா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். கைதட்டுகிற இடத்தில்கூட வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஏன் என்று கேட்டேன்.

"குளுரா இருந்திச்சி," என்றாள்.

நான் நம்பினேன். சித்திரை மாசத்து மயிலாப்பூரில் குளிர் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி நம்பினாள். அன்று காலையிலிருந்து அவள் புளியும் எலுமிச்சம் மூடியும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருந்தேன், இருந்தும் நம்பினேன். அம்மாவை நான்தான் முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன் என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேடையில் என்னைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்றுதான் அவள் அத்தனை தூரம் நடந்து வந்தாள் என்பது எனக்கு எட்டவில்லை.

அவளுக்குப் பிறகு அதே கூடையை நான் தூக்கினேன். கையில் ஏறிய மீன் வாசனை எந்தப் புளிக்கும் போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. என் மகளின் பள்ளி விழாவுக்கு வியாபாரம் முடித்த கையோடு போனேன். யாரும் கூப்பிடுமுன் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் மடிமேல் வெளியே வைத்துக்கொண்டு.